கேபிளை 'கட்' பண்ணப் போறீங்களா? கணக்கு போட்டுட்டு கை வையுங்க!

வடசேரி: பால் பாக்கி, பலசரக்குக் கடை பாக்கி, கரண்ட் பில், சீட்டுப் பணம். மாசம் பிறந்தால் இந்த வரிசையில் தவறாமல் வந்து உட்கார்ந்து கொள்கிறது கேபிள் டிவி பணம். கனகமூலம் சந்தையில் காய்கறி விலை ஏறினால், முருங்கைக்காயை விட்டுவிட்டு தடியங்காயை வாங்கி சமாளித்து விடலாம். கேபிள் பணத்தை அப்படிக் குறைக்க முடியுமா?

"பேசாம கேபிளை கட் பண்ணிட்டு குடையை வச்சிரலாம்லா" என்பார் வீட்டுக்காரர். "எதுக்குப்பா குடை, நெட்டை போட்டா போதும்" என்பான் மகன். "நீங்க என்னத்தையும் பண்ணுங்க, ராத்திரி எட்டரை மணிக்கு எனக்கு என் சீரியல் வரணும்" என்று கடைசியில் தீர்ப்புச் சொல்வது பாட்டி. பல வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்து இதுதான்.

கேபிள் வயரைப் பிடுங்க ஒரு நிமிஷம் போதும். பிடுங்கிய பிறகு வருகிற செலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு பிடுங்கிவிட்டு, இரண்டே மாதத்தில் "அண்ணாச்சி, பழையபடி கொடுத்திருங்க" என்று கேபிள்காரர் வாசலில் போய் நிற்கிற வீடுகளும் உண்டு. குடைக்குப் போட்ட காசும் போய், கேபிளுக்கும் காசு என்று இரட்டைச் செலவு ஆகிவிடும்.

ஆண்டெனா காலம் போச்சு

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் டிவிக்கு மாசக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஓட்டு மேலே அலுமினிய ஆண்டெனா. திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளம், கடல் பக்கம் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி. காக்கா வந்து உட்கார்ந்தால் படம் ஆடும், ஒரு ஆள் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து இன்னொரு ஆள் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் செலவு.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அதைப் பார்க்க கேபிள் வேண்டும் என்றானதும் தெருவுக்குத் தெரு வயர் ஓடியது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் டிவி கொடுக்கப்பட்டது. டிவி இலவசம், ஆனால் அதில் படம் வர மாசாமாசம் காசு. டிவி இல்லாத வீட்டுக்குள்ளும் கேபிள் கட்டணம் நுழைந்தது அப்போதுதான்.

இனி பழையபடி ஆண்டெனாவைக் கட்டலாமே என்று யாராவது யோசித்தால், அது நடக்காது. தூர்தர்ஷன் தனது பழைய தரைவழி ஒளிபரப்பை, எல்லையோரம் போன்ற சில முக்கிய இடங்கள் தவிர, நாடு முழுவதும் 2022-க்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது. மொட்டை மாடியில் ஆண்டெனா கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம்.

எதுக்கு காசு கொடுக்கிறோம்?

மாற்றுவதற்கு முன்னால், இப்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கேபிள்காரர் சொல்கிற தொகையைக் கொடுப்பதோடு சரி.

2019 பிப்ரவரி 1 முதல் டிராய் புது விதி கொண்டு வந்தது. அதன்படி நமது பில் இரண்டு துண்டு. ஒன்று, வயரை இழுத்து சேனல்களை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கான அடிப்படைக் கட்டணம். இன்னொன்று, நாம் விரும்பிக் கேட்கிற கட்டணச் சேனல்களின் விலை. அடிப்படைக் கட்டணத்துக்கு அப்போது உச்சவரம்பு ரூ.130, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.153.40. இதற்கு முதலில் 100 சேனல். 2020-ல் அதே காசுக்கு 200 சேனல் தர வேண்டும் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. அதாவது அடிப்படைக் கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

கட்டணச் சேனல் கணக்கு தனி. 2019-ல் விலைப் பட்டியல் வந்தபோது சன் டிவி தனியாக ரூ.19, கேடிவி தனியாக ரூ.19. இரண்டை மட்டும் எடுத்தால் 130-ம் 38-ம் சேர்ந்து 168, வரியோடு ரூ.198.24. ஆனால் யாரும் தனித்தனியாக வாங்குவதில்லை. 'பேக்' என்று மொத்தமாகத்தான் கட்டி விடுகிறார்கள். அந்தக் கட்டுக்குள் வீட்டில் ஒருத்தரும் பார்க்காத இங்கிலீஷ் சேனலும், இந்தி சேனலும் சேர்ந்தே இருக்கும். ஓசி என்று நினைத்தால் தப்பு, அதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

ஒரு வாரம் ஒரு வேலை செய்து பார்க்கலாம். டிவி பக்கத்தில் ஒரு துண்டுப் பேப்பரையும் பேனாவையும் வைத்து, வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் எழுதச் சொல்ல வேண்டும். முன்னூறு சேனல் வருகிற வீட்டிலும் பட்டியல் பத்தைத் தாண்டினால் ஆச்சரியம். அந்தப் பத்திலும் பாதி இலவசச் சேனலாகவே இருக்கும். புதிய தலைமுறை, பாலிமர், கலைஞர், மக்கள் டிவி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. செய்தி மட்டும் பார்க்கிற வீட்டுக்குப் பெரிய பேக் எதுக்கு?

அந்தப் பேப்பரைக் காட்டி கேபிள்காரரிடமே "இதுக்கு மட்டும் எவ்வளவு வரும்?" என்று கேட்பதுதான் முதல் படி. சின்ன பேக்குக்கு மாறுவதற்கு குடை வேண்டாம், நெட் வேண்டாம், ஒரு பைசா முதலீடு வேண்டாம். விதிப்படி, கேட்டால் மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். சேனல் விலை தெரிய 999-ம் நம்பரில் தகவல் சேனல் இருக்கிறது. டிராய் 2020-ல் 'சேனல் செலக்டர்' என்ற ஆப்பும் வெளியிட்டது.

அரசு கேபிள் கதை

2007-ல் தொடங்கி, நடுவில் படுத்துவிட்ட அரசு கேபிள் டிவி நிறுவனத்தை, 2011 செப்டம்பர் 2-ம் தேதி ரூ.70 கட்டணத்தில் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். அந்த 70 ரூபாயை ஊர் இன்னும் மறக்கவில்லை. பிறகு டிஜிட்டல் வந்தது, பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள், புது டிராய் விதியும் சேர்ந்துகொள்ள கட்டணம் ரூ.220 பிளஸ் வரி என்று ஏறியது. 2019 ஆகஸ்டில் அதை ரூ.130 பிளஸ் வரியாகக் குறைத்தார்கள்.

காசு விஷயத்தில் அரசு கேபிளை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் 2022 நவம்பரில் சாப்ட்வேர் சேவை தந்த தனியார் நிறுவனத்துடன் பிரச்சினை ஏற்பட, லட்சக்கணக்கான பெட்டிகள் திடீரென்று இருண்டுபோனதையும் மறக்க முடியாது. அரசு கேபிள் நமது தெருவில் இருக்கிறதா, எந்தப் பேக் என்ன விலை என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. தெருவில் ஒரே ஆபரேட்டர்தான் என்றால் அங்கே சாய்ஸ் கம்மி.

ஓசி குடை

"ஒரு தடவை காசு போட்டா போதும், ஆயுசுக்கும் ஓசி" என்று பேசப்படுவது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாசக் கட்டணம் கிடையாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. குடை, பெட்டி, வயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் என்று கடைக்குக் கடை மாறும். மாசம் 250 ரூபாய் கேபிளுக்குக் கொடுக்கிற வீடு என்றால், எட்டு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

அப்புறம் ஏன் எல்லா வீட்டிலும் இல்லை? சன் டிவி, கேடிவி இதில் கிடையாது. சீரியலுக்குப் பேர்போன மற்ற பெரிய கட்டணச் சேனல்களையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. காரணம் வியாபாரம். ஃப்ரீ டிஷ்ஷில் இடம்பிடிக்க தனியார் சேனல்தான் தூர்தர்ஷனுக்கு ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். பார்க்கிறவர்களிடம் காசு வாங்கிப் பழகிய சேனல், காசு கட்டி ஓசியில் காட்டுமா? போதாக்குறைக்கு, ஃப்ரீ டிஷ்ஷில் ஓசியாக வரும் சேனல் கேபிளிலும் டிடிஎச்சிலும் இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2024-ல் டிராய் சொல்லிவிட்டது.

இந்திக்காரர்களுக்கு இது பெரிய விருந்து. தமிழ் வீட்டுக்கு டிடி தமிழ், கொஞ்சம் செய்தி, பள்ளிப் பாடச் சேனல்கள் என்ற அளவில்தான். பொதிகை என்று நமக்குப் பழகிய சேனல்தான் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. 2007-ல் வந்த சட்டப்படி, இந்தியா ஆடுகிற முக்கியமான போட்டிகளின் ஒளிபரப்பை தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பங்குபோட்டுக் கொள்ள வேண்டும். 2017-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புப்படி அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரும், தனியார் கேபிளில் வராது. காசு கட்டும் வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸ் போட்டால் வேறு ஏதோ ஓடும், ஓசிக் குடை வீட்டில் மேட்ச் ஓடும். ஐபிஎல் இந்தக் கணக்கில் சேராது.

குடை வைக்கிற இடமும் முக்கியம். ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் ஜிசாட்-15 இருப்பது கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில். நாகர்கோவிலில் இருந்து பார்த்தால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் பக்கத்து வீட்டு மாடி அவ்வளவாக மறைக்காது. நம்ம ஊர் வில்லன் தென்னை மரம்தான். மட்டை ஆடுகிற இடத்துக்குக் கீழே குடையை மாட்டினால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும்.

அடுத்த வில்லன் மழை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் குமரிக்கு இரண்டு, ஜூனிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. பேய் மழை கொட்டும்போது எந்தக் கம்பெனி குடையானாலும் கொஞ்ச நேரம் சிக்னல் போகும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் நட்டு லூசானால் குடை திரும்பிக்கொள்ளும். கெட்டியாக போல்ட் போட்டு முறுக்கச் சொல்வதில் கூச்சப்படக் கூடாது.

மாடியில் பழைய டிடிஎச் குடை சும்மா கிடந்தால் புதுசு வாங்க வேண்டியதில்லை. திசையை மாற்றி வைத்தால் போதும். குடை நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி பொருந்துகிறதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார், தேவைப்பட்டால் அதை மட்டும் மாற்றினால் ஆச்சு.

காசுக் குடை

சன் டைரக்ட், டாடா பிளே, ஏர்டெல், டிஷ் டிவி போன்ற தனியார் டிடிஎச்சில் எல்லாத் தமிழ்ச் சேனலும் கிடைக்கும். விலையில் கேபிளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆறு மாசம், ஒரு வருஷம் என்று மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் தினக்கூலி வாங்குகிறவருக்கு ஒரே தவணையில் ஆயிரம், இரண்டாயிரம் என்பது லேசுப்பட்ட காரியமா? கேபிள்காரர் பத்து நாள் பொறுப்பார். டிடிஎச் பெட்டி பன்னிரண்டு மணியானால் கடையைச் சாத்திவிடும்.

மக்களும் விலகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிராய் கணக்குப்படி, 2024 மார்ச்சில் நாடு முழுக்க காசு கட்டும் டிடிஎச் இணைப்புகள் சுமார் 6 கோடியே 19 லட்சம். 2025 மார்ச்சில் அது சுமார் 5 கோடியே 69 லட்சம். ஒரே வருஷத்தில் 50 லட்சம் அவுட்!

நெட் போட்டா மிச்சமா?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'நெட் இருந்தா எல்லாம் ஓசி' என்பது பாதி உண்மை. செய்திச் சேனல்கள் யூடியூப்பில் நேரலையாக ஓசியில் வருகின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய 'வேவ்ஸ்' ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்களை ஓசியில் பார்க்கலாம். சீரியலுக்கும் புதுப் படத்துக்கும் சந்தா கட்டியாக வேண்டும்.

முதலில் செல்போன் நெட். தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி கிடைக்கிற சிம்மை வைத்து டிவியை ஓட்டலாம் என்றால், சாதாரண தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரை, எச்டியில் மூன்று ஜிபி வரை இழுக்கும். ஆறு மணிக்குப் போட்டால் எட்டரை மணி சீரியலுக்கு முன்பே நெட் காலி. பாட்டியின் வாயில் விழ வேண்டியதுதான்.

அப்படியானால் ஃபைபர் லைன். 2020-ல் அறிமுகமான விலைகளைப் பார்த்தால், ஜியோ ஃபைபரின் அடிமட்டத் திட்டம் ரூ.399, பிஎஸ்என்எல் ஃபைபரில் ரூ.449. இரண்டும் வரி தனி. 399 வரியோடு ரூ.470.82. இது வெறும் நெட் மட்டும், ஓடிடி சேராது. 250 ரூபாய் கேபிளைக் கட் பண்ணிவிட்டு 471 ரூபாய் கட்டுவது எந்த ஊர் சிக்கனம்?

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜூலையில் செல்போன் கட்டணத்தை ஏற்றினார்கள். ஜியோவில் 28 நாள், தினம் ஒன்றரை ஜிபி திட்டம் ரூ.239-ல் இருந்து ரூ.299 ஆனது. வீட்டிலேயே இருக்கிற பாட்டிக்கும் பாட்டாவுக்கும்கூட இதையே போட்டுக் கொண்டிருக்கிறோம். டிராய் உத்தரவுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் பேச்சுக்கு மட்டுமான திட்டங்கள் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு ரூ.448. பழைய திட்டத்தில் அதே 84 நாளுக்கு மூன்று தடவை 299, ஆக ரூ.897. ஒரு போனுக்கு மாசம் ஏறத்தாழ 160 ரூபாய் மிச்சம். இரண்டு போன் என்றால் 320. வீட்டில் வைஃபை இருப்பதால் அவர்கள் வாட்ஸ்அப் வீடியோ காலுக்கும் குறை வராது.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். நெட்டுக்கு 471. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் திட்டம் என்று விளம்பரம் வந்தது. அது செல்போனுக்கு மட்டும், டிவியில் ஓடாது. டிவியில் பார்க்க ரூ.299 திட்டம், மாசம் 100. ஆக 571. மிச்சம் பிடித்த 320-ஐக் கழித்தால் 251. பழைய கேபிள் 250. சண்டை போட்டு மாற்றியதற்கு ஒரு ரூபாய் நஷ்டம்! சன் டிவிக்காரர்களின் சன் நெக்ஸ்ட்டும் வேண்டும் என்றால் அது தனிச் சந்தா.

இந்த விலைகளெல்லாம் அடிக்கடி மாறுகிறவை. கடையில் அன்றைய ரேட்டைக் கேட்டு இதே மாதிரிக் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு சொல்வது இதுதான். பிள்ளைகள் படிப்புக்கோ, வீட்டில் இருந்து பார்க்கிற வேலைக்கோ ஏற்கெனவே ஃபைபர் இருக்கிற வீட்டில் கேபிளும் ஓடினால் அது இரட்டைச் செலவு, தாராளமாகக் கட் பண்ணலாம். டிவிக்காக மட்டும் புதிதாக ஃபைபர் போடுவது வேண்டாத வேலை.

டிவி பின்னாடி பாருங்க

நெட்டில் பார்க்க ஸ்மார்ட் டிவி வேண்டும். அல்லது எச்டிஎம்ஐ ஓட்டை உள்ள டிவியில் ஃபயர் ஸ்டிக் மாதிரி ஒரு குச்சியை வாங்கிச் சொருக வேண்டும். இன்னும் சில வீடுகளில் அந்த இலவச கலர் டிவி உயிரோடு இருக்கிறது. அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் சொருகும் ஓட்டைதான். அதற்கு கேபிள் பெட்டியோ சாதாரண ஃப்ரீ டிஷ் பெட்டியோதான் தோது. நெட்டுக்காக டிவியையே மாற்றினால் மிச்சக் கணக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்விடும்.

"ஐநூறு ரூபாய்க்கு எல்லாச் சேனலும் ஆயுசுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஆப் விஷயத்தில் உஷார்! முதலில் அது சட்டவிரோதம். அதைவிட மோசம், போனில் இறக்கினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பேங்க் ஓடிபி எவன் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் போட வேண்டும்.

கேபிள்காரர் யாரு?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது குமரி மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பத்தோடு கேபிள் வயரும் போயிற்று. கரண்ட் வந்த பிறகு தெருத்தெருவாக ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒட்டுப்போட்டது உள்ளூர் கேபிள் பையன்கள்தான். டிடிஎச் என்றால் கஸ்டமர் கேரில் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று பாட்டுக் கேட்க வேண்டும்.

வயசானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்க, பகல் முழுக்க துணைக்கு டிவி சத்தம்தான். ஒரு ரிமோட், ஒரு சேனல் நம்பர், அவ்வளவுதான் அவர்களுக்குப் பழக்கம். மாதம் அம்பது, நூறு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு ரிமோட்டையும் பாஸ்வேர்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போனால், டிவி சும்மாதான் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பேக்கை மட்டும் சின்னதாக்கி கேபிளையே வைத்திருப்பது உத்தமம்.

விலகும்போது கவனம்

கட் பண்ணுவது என்று முடிவாகிவிட்டால், புது ஏற்பாடு ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் பழையதை நிறுத்த வேண்டும். ஒரு மாசம் இரண்டும் ஓடினால் பரவாயில்லை. அந்த ஒரு மாசத்தில் பாட்டியின் முகத்தைப் பார்த்தாலே ரிசல்ட் தெரிந்துவிடும். இரண்டு மூன்று மாசம் வெளியூர் போவதற்காக மட்டும் நிறுத்துவது என்றால், கட் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. தற்காலிகமாக நிறுத்தி வைக்கக் கேட்க டிராய் விதியில் இடம் உண்டு.

கேபிள்காரரிடம் வாயால் சொல்வதோடு விடாமல், இன்ன தேதியோடு நிறுத்தச் சொன்னதாக ஒரு மெசேஜ் அனுப்பி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பாக்கி என்று நாலு மாசம் கழித்து வந்து நிற்பார்கள். அரசு கேபிள் பெட்டி இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்றாலும் அது நிறுவனத்தின் சொத்து. பரணில் போட்டு வைக்கவோ ஆக்கர் கடையில் போடவோ கூடாது. ரிமோட், அடாப்டரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி நம்பரைக் குறிப்பிட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தனியார் பெட்டி என்றால், வாங்கும்போது கட்டிய பணம் விலையா டெபாசிட்டா என்று பழைய ரசீதைப் பார்க்க வேண்டும். டெபாசிட் என்றால் கேட்டு வாங்கலாம்.